தாங்கும் தெரு

சாவிக்காரர் அந்தக் கட்டடத்துக்குப் போனது ஒரு பீரோவைத் திறக்கத்தான். திறந்தோமா, கூலியை வாங்கினோமா என்று கடைக்குத் திரும்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மனிதனுக்கு நாற்காலி போட்டு உட்காருங்கள் என்று சொன்னால் உட்காராமல் வர முடிகிறதா?

அந்த வருடம் ஊரை மழை கைவிட்டுவிட்டது. ஏரி சேறாகி, சேறு காய்ந்து வெடித்து, வெடிப்புக்குள் ஆடுகள் காலை விட்டு மாட்டிக்கொள்ளும் நிலைமை வந்த பிறகு, அவசரகால நீர்ப் பகிர்வுத் திட்டக் குழு கண் விழித்தது. இப்படி ஒரு காலம் வருமென்று முன்பே யாரோ புண்ணியவான்கள் யோசித்து, திட்டம் ஒன்று எழுதி, அது தொலைந்துபோகக் கூடாதே என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். திட்டம் தொலையவில்லை. சாவி தொலைந்துவிட்டது.

சாவிக்காரர் கம்பியை நுழைத்து லேசாகத் திருகினார். பீரோ திறந்துகொண்டது. உள்ளே இன்னொரு பீரோவின் சாவி இருந்தது. அந்த இன்னொரு பீரோவைப் பழைய சாமான்களோடு சேர்த்துப் போன வருடமே ஏலத்தில் விட்டாகிவிட்டது என்று செயலாளர் ஞாபகப்படுத்தினார்.

"பரவாயில்ல, புதுசா ஒண்ணு போட்டுக்கலாம்," என்றார் தலைவர். திட்டம் போடக் கூட்டம் நடத்த வேண்டும். கூட்டம் நடத்தப் பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. இருந்த பிரதிநிதி, தண்ணீர் இல்லையென்று குடும்பத்தோடு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். செயலாளர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சாவிக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க பொதுமக்கள்தானே?"

"ஆமாங்க," என்றார் சாவிக்காரர். வேறு என்னவென்று சொல்வது?

அப்படித்தான் நீளமான அந்த மேஜையில் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. அந்தக் குழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேச எழுந்திருப்பவர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடிப்பார், தொண்டையைச் செருமுவார், பாட்டிலைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசத் தொடங்குவார். அதற்கப்புறம் அந்த பாட்டிலை அவரும் தொட மாட்டார், மற்றவரும் தொட மாட்டார்கள். அடுத்த கூட்டத்துக்குப் புது பாட்டில்.

அன்று பேச எழுந்தவர் வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்ட நிபுணர். ஒரு மடக்கு குடித்தார்.

"தண்ணீரைச் சமமாகப் பங்கிடுவது பழைய சிந்தனை. சமமாகக் கொடுத்தால் யாருக்கும் போதாது. யாருக்கும் போதாவிட்டால் எல்லோரும் கத்துவார்கள். எல்லோரும் கத்தினால் நம்மால் வேலை செய்ய முடியாது. ஆகவே, யாரால் தாங்க முடியாதோ அவர்களுக்கு முதலில் கொடுப்போம். தாங்குகிறவர்கள் தாங்கட்டும். எந்தத் தெரு எவ்வளவு தாங்கும் என்பதை அளக்க ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறேன். அதற்குத் தாங்குதிறன் குறியீடு என்று பெயர்."

எல்லோரும் கை தட்டினார்கள். சாவிக்காரரும் தட்டினார். மற்றவர்கள் தட்டும்போது சும்மா இருந்தால் நன்றாகவா இருக்கும்?

ஒவ்வொரு தெருவாக அலசிக்கொண்டு வந்தார்கள். மேட்டுத் தெரு வந்ததும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஊரின் கடைசியில், ஏற்றத்தில் இருக்கும் அந்தத் தெருவுக்குக் குழுவிலிருந்து யாரும் போனதே இல்லை. "அந்தத் தெருவைப் பத்தி யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார் தலைவர்.

சாவிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்ததிலிருந்து அவருக்குப் புரிந்த முதல் கேள்வி அது.

"எங்க அக்கா அங்கதான் சார் இருக்காங்க. தங்கமான ஜனங்க. எதையும் தாங்குவாங்க. பட்டினி கிடந்தாலும் வாயத் தொறந்து ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டாங்க."

நிபுணர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார், அருமையான பாட்டைக் கேட்டவர் போல. சாவிக்காரர் இன்னொரு தடவை சொன்னார். முதல் தடவையைவிட நன்றாகச் சொன்னார். செயலாளர் எழுதிக்கொண்டார். இந்த ஊரின் முதுகெலும்பே அப்படிப்பட்ட மக்கள்தான் என்று தலைவர் சொல்ல, மறுபடியும் கைதட்டல். சாவிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பூட்டைத் திறந்ததற்காக இந்த ஜென்மத்தில் அவருக்கு யாரும் கை தட்டியதில்லை.

அன்று சாயங்காலமே சைக்கிளை மிதித்து அக்கா வீட்டுக்குப் போனார். அம்மா போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்தது இந்த அக்காதான். "உங்க தெருவப் பத்தி கமிட்டியில ரொம்ப ஒசத்தியா பேசியிருக்கேன்க்கா," என்றார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே வாசலுக்குப் போய், எதிர்வீட்டில் தொடங்கித் தெருமுனை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தாள்.

பிறகு திட்டம் அமலுக்கு வந்தது.

சந்தைத் தெருவில், அதாவது சாவிக்காரர் குடியிருக்கும் தெருவில், தினமும் காலையில் தண்ணீர் வந்தது. காரணம் அவர் மனைவி. முன்னொரு தடவை குழாயில் துரு வந்ததற்கு, அவள் அலுவலக வாசலில் நின்று போட்ட சத்தத்தில் அன்றைய செயலாளர் மருத்துவ விடுப்பில் போய்விட்டார். அது குழுவின் குறிப்பில் இருந்தது. மேட்டுத் தெருவுக்கு வாரம் ஒரு தடவை என்று முடிவாகி, அதுவும் சிறுத்துச் சிறுத்து, கேட்டால் கொடுப்பது என்று ஆனது. மேட்டுத் தெரு கேட்கவில்லை.

மற்ற தெருக்களுக்குச் சூட்சுமம் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. கத்தினால் தண்ணீர். வங்கித் தெருவில் ஓய்வுபெற்ற கனவான்கள் காலை நடையை விட்டுவிட்டு வரிசையாக நின்று கத்திப் பழகினார்கள். குரல் இல்லாத ஒரு தெரு, ஏலம் போடும் ஆள் ஒருவரைக் கூலிக்குப் பிடித்தது. தகரத்தைத் தட்டினார்கள், ஊதல் ஊதினார்கள். குழு இதையெல்லாம் தடுக்கவில்லை. பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, புகார்க் கூடம் என்று பலகை வைத்தது. சத்தத்தை அளக்க நிபுணர் ஒரு கருவி வைத்திருந்தார். அதன் முள் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நேரம் குழாய் திறக்கும். மருத்துவமனையிலிருந்து, நோயாளிகளால் கத்த முடியாது, அதனால் எங்களுக்குத் தண்ணீர் வருவதில்லை என்று ஆட்கள் வந்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மெதுவாகச் சொன்னதால் முள் அசையவில்லை.

சாவிக்காரருக்கு ராத்தூக்கம் போய்விட்டது. அக்கா மகள் பிரசவத்துக்கு வந்தவள், கைக்குழந்தையோடு அங்கேதான் இருந்தாள். போன தடவை போனபோது அக்கா, துணியின் ஒரு நுனியை மட்டும் நனைத்துக் குழந்தையின் கழுத்து மடிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மடிப்பெல்லாம் செக்கச்செவேலென்று புண்ணாகியிருந்தது. சாவிக்காரர் பார்க்காதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் செய்த காரியங்களிலேயே அதுதான் கேவலமானது என்று அவரே பின்னால் நினைத்துக்கொள்வார். அதைவிடக் கேவலமானது பாக்கியிருப்பது அப்போது அவருக்குத் தெரியாது.

"அக்கா, நீங்க எல்லாரும் ஒரு நாள் வந்து சத்தம் போடணும்," என்றார்.

"எதுக்குடா?"

"தண்ணி வரலன்னுதான்."

அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "நல்லா இருக்குடா நீ சொல்றது. எங்க தெரு ஜனங்க வாயத் தொறக்க மாட்டாங்கன்னு நீதான் அங்க சொல்லி வெச்சிருக்க. இப்ப நாங்க போயி கத்தினா, அத்தன பெரியவங்க நடுவுல உன் மானம் என்னாகும்? எதிர்வீட்டுக்காரர் நேத்து கெளம்பினார். நான்தான் கையப் புடிச்சி நிறுத்தினேன். என் தம்பி கமிட்டியில இருக்கான், பார்த்துப்பான்னு சொல்லியிருக்கேன்."

நான் சொன்னதால்தான் உங்களுக்குத் தண்ணீர் நின்றது என்பது எவ்வளவு சின்ன வாக்கியம். சாவிக்காரர் அதை விட்டுவிட்டு, "பார்த்துக்கறேன்க்கா," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

மறுநாள் தன் வீட்டுக் குழாயில் ஒரு குடம் பிடித்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். தெரு விட்டுத் தெரு தண்ணீர் கொண்டுபோனால் குறியீடு குழம்பிவிடுமாம். தெருமுனையில் நின்ற காவலர் குடத்தை மரியாதையாக இறக்கி, சாக்கடையில் கவிழ்த்து, வெறும் குடத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். குழு உறுப்பினர் என்பதால்தான் துடைத்துக் கொடுத்தார்.

அடுத்த கூட்டத்தில் சாவிக்காரர் எழுந்து நின்றார். "ஐயா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. மேட்டுத் தெருக்காரங்களால தாங்க முடியல," என்றார்.

"உங்க அடக்கம் பாராட்டத்தக்கது," என்றார் தலைவர்.

"தாங்க முடியலன்னா புகார் வந்திருக்கணுமே," என்றார் நிபுணர். "ஒண்ணுகூட வரல. இந்தத் திட்டத்துல நூறு சதவீதம் திருப்தியோட இருக்கற ஒரே தெரு அதுதான். அதைக் கெடுக்கப் பார்க்கறீங்களே."

சாவிக்காரருக்குள் எதுவோ அறுந்தது. பரம சாது அவர். வீட்டில் குரலை உயர்த்தும் பொறுப்பை மனைவியிடம் எப்போதோ ஒப்படைத்துவிட்டவர். அவர் கருவிப்பெட்டியைத் தூக்கி மேஜைமேல் ஓங்கி அடித்து, "அங்க ஒரு பச்சக் குழந்த கெடக்குதுய்யா, உடம்பெல்லாம் புண்ணு, தண்ணி விடுங்கய்யா," என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நிபுணர் பதறவில்லை. பைக்குள்ளிருந்து கருவியை எடுத்து மேஜைமேல் வைத்து, "நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க," என்று கையால் சைகை காட்டினார். முள் இதுவரை தொடாத இடத்தைத் தொட்டது. சாவிக்காரர் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்தபோது அறை முழுக்கக் கைதட்டல்.

"புகார்தாரர் எங்க குடியிருக்கார்?" என்று கேட்டார் நிபுணர்.

"சந்தைத் தெரு," என்றார் செயலாளர்.

"சந்தைத் தெருவுக்குச் சாயங்காலமும் தண்ணீர் விடலாம்."

அவர் வீடு திரும்பும்போது தெருவே வாசலில் நின்றது. குழாயெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, உங்களுக்கு இப்படி ஒரு குரல் இருக்குன்னு தெரியாமப் போச்சே," என்று பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கல்யாணமான இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் உருப்படியா கத்தியிருக்கீங்க," என்றாள் மனைவி. சாவிக்காரர் சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பின்கட்டில் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஆளுக்கு ஒரு மடக்கு குடித்துவிட்டு ஒதுக்கிய பாட்டில்களைக் கருவிப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவார். காவலர் பெட்டியைச் சோதிக்க மாட்டார். அக்கா அதைக் குழந்தைக்கு மட்டும் வைத்துக்கொண்டாள். எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்கவில்லை. கமிட்டியில் தம்பிக்குக் கொடுக்கும் மரியாதை என்று நினைத்திருப்பாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் குழு மேட்டுத் தெருவை நேரில் பார்க்கக் கிளம்பியது. தலைவர், செயலாளர், நிபுணர், பின்னால் சாவிக்காரர். வாசல்கள் சுத்தமாகப் பெருக்கியிருந்தன. ஆட்கள் உதடு வெடித்து, சட்டையெல்லாம் உப்புப் பூத்து, ஆனாலும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். "பாருங்க, என்ன ஒரு கட்டுப்பாடு," என்றார் தலைவர் நெகிழ்ந்துபோய்.

அக்கா வீட்டுக்கு வந்தார்கள். தம்பியின் பெரிய மனிதர்கள் வீடு தேடி வந்திருக்கிறார்கள். வெறும் வாயோடு அனுப்புவாளா? உள்ளே போனாள். தட்டில் டம்ளர்களை வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். டம்ளர் நிறையத் தண்ணீர்.

அது எந்தத் தண்ணீர் என்று சாவிக்காரருக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் வேறு தண்ணீர் கிடையாது.

தலைவர் ஒரு மடக்கு குடித்தார், டம்ளரை வைத்தார். செயலாளர் ஒரு மடக்கு, வைத்தார். நிபுணரும் அப்படியே. கடைசி டம்ளர் சாவிக்காரரிடம் வந்தது. அக்கா எதிரில் நின்று அவர் முகத்தையே பார்த்தாள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். எல்லோர் முன்னாலும் கேட்பாள். அவர் வாங்கி, ஒரு சொட்டு பாக்கி வைக்காமல் குடித்தார். குளிர்ச்சியாக, நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் அவரால் மறக்க முடியாமல் போனது.

உள்ளே குழந்தை வீறிட்டது. நிபுணரின் கை தானாகக் கருவிக்குப் போய், பாதியில் நின்றது. "சொந்தமா எழுதிக் கையெழுத்துப் போடத் தெரியாதவங்க புகார் கணக்குல வராது," என்று செயலாளரிடம் விளக்கினார். பிறகு மிச்சம் வைத்திருந்த டம்ளர்களைச் சுட்டிக்காட்டினார். "விருந்தாளிங்க குடிச்சு மீதி வைக்கற அளவுக்கு இங்க தண்ணி இருக்கு. எழுதிக்குங்க. உபரி."

மேட்டுத் தெரு முன்மாதிரித் தாங்கும் தெருவாக அறிவிக்கப்பட்டது. தெருமுனையில் பெரிய பலகை வைத்தார்கள். உபரி இருக்கும் தெருவுக்குக் குழாய் எதற்கு? மேட்டுக்குப் போகும் வால்வை மூடி, அதன் இரும்புப் பெட்டிக்குப் பூட்டுப் போடத் தீர்மானம் ஆனது.

"யாராலயும் திறக்க முடியாத பூட்டா இருக்கணும்," என்றார் தலைவர். "நம்மகிட்டயே ஆள் இருக்காரே. நம்ம பிரதிநிதியோட கைத்திறமைய ஊர் பார்க்கட்டும்."

மாட்டேன் என்ற சொல் சாவிக்காரரின் நுனிநாக்குவரை வந்தது. மறுத்தால் நாற்காலி போகும், நாற்காலி போனால் பாட்டில்கள் போகும், பாட்டில்கள் போனால் குழந்தையின் கதி என்னவென்று தனக்குள் நியாயம் சொல்லிக்கொண்டார். அந்த நியாயத்தில் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அத்தனை பேர் நடுவில் கைத்திறமை என்று ஒருவர் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. பூட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். அவர் செய்த பூட்டுகளிலேயே அதுதான் அழகானது. பூட்டி, சாவியைச் செயலாளரிடம் கொடுத்தார். செயலாளர் அதைப் பத்திரமாக அந்தப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அடுத்தடுத்து நடக்கவேண்டிய கூட்டங்கள், தலைவர் உடல்நலம் தேற மலைப்பிரதேசம் போயிருந்ததால், நடக்கவில்லை. கூட்டம் இல்லை, பாட்டிலும் இல்லை.

உச்சிவெயிலில் சாவிக்காரர் பாட்டில் இல்லாத கருவிப்பெட்டியோடு மேட்டுத் தெருவுக்கு வந்தபோது, தெருமுனைப் பலகையின் நிழலில் அக்கா குந்தி உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு காய்ந்த துணி. இரும்புப் பெட்டியில் தொங்கிய பூட்டை அதனால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்ற?"

"நீ போட்ட பூட்டாமே. தூசி அப்புது. வர்றவங்க போறவங்க பாக்கறதில்லையா? தினமும் வந்து தொடச்சிட்டுப் போறேன்."

சாவிக்காரர் அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "குழந்த எப்படி இருக்கு?"

"அழறத நிறுத்திட்டா. அழத் தெம்பில்ல. சத்தமே இல்ல."

அப்போதுதான் அந்தச் சின்ன வாக்கியம் வெளியே வந்தது. "அக்கா, நான் சொன்னதாலதான் உங்களுக்குத் தண்ணி நின்னுது. எதையும் தாங்குவாங்கன்னு நான்தான் சொன்னேன். நான் அன்னிக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, நீங்க எல்லாம் இப்படி..."

"தெரியும்டா," என்றாள் அக்கா, துடைப்பதை நிறுத்தாமல். "எதிர்வீட்டுக்காரர் அப்பவே விசாரிச்சிட்டு வந்து சொல்லிட்டார். நீ எங்கள நல்லபடியாத்தான் சொன்ன. அதப் பொய்யாக்க வேணாம்னு இருந்தோம்."

சாவிக்காரர் அழுதார். கொஞ்ச நேரம்தான். பிறகு கருவிப்பெட்டியைத் திறந்து மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். அக்காவின் கையை விலக்கிப் பூட்டைப் பிடித்துக்கொண்டார். காவலர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். குழு உறுப்பினர் பூட்டைப் பரிசோதிக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றார். கம்பி உள்ளே போனது, லேசாக ஒரு திருகு. யாராலும் திறக்க முடியாத பூட்டு வாயைப் பிளந்தது. அவர் வால்வைப் பிடித்துச் சுற்றினார். குழாய்க்குள் முதலில் காற்று சீறியது. பிறகு தெரு நெடுகத் தண்ணீர் விழும் சத்தம் ஒவ்வொரு வாசலாக ஏறி வந்தது. ஆட்கள் குடத்தோடு வெளியே வந்து, கிட்டே போகலாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

அக்கா தண்ணீரைப் பார்க்கவில்லை. தம்பியின் உள்ளங்கையில் கிடந்த பூட்டையே பார்த்தாள்.

"இவ்வளவு சுலபமா தொறக்குமா இது?"

"நான் போட்டதுதானேக்கா."

அக்கா துணியைக் கீழே போட்டாள். "அப்ப இத்தன நாள் ஏன்டா தொறக்கல?"

மேட்டுத் தெருவிலிருந்து வந்த முதல் புகார் அதுதான். குரலை உயர்த்தாமல், கிட்டத்தட்ட முணுமுணுப்பாகத்தான் கேட்டாள். நிபுணரின் கருவியில் முள் அசைந்திருக்காது. சாவிக்காரர் எழுந்துபோய், அக்கா வீட்டு வாசலில் இருந்த குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்து, அது நிரம்பும்வரை தலையைத் தூக்காமல் நின்றார்.